கடன் கொப்பியும் கழுத்துத் தாலியும்

2024ஆம் ஆண்டின் தவக்காலத்திலே, வழக்கம்போல எமது பங்கின் கடலோரக் குறிச்சி ஒன்றில் இல்லங்களைச் சந்தித்து வந்தோம். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது வருகின்ற தாய் ஒருவரை மூன்று மாதங்களாகக் காணவில்லை என்பது எம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அவரது வீட்டுப் படலையைத் திறந்து முற்றத்தில் நின்றபோது, அடுப்படியிலிருந்து வெளியே வந்தவர் எம்மைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்.

"சுகமில்லையோ பிள்ளை? கோயிற் பக்கம் காணவில்லையே" என்று கேட்டோம்.

"சுகத்துக்கு ஒரு குறையும் இல்லைச் சுவாமி. வெறுங் கழுத்தோடு எப்படி வருவது? தாலிக்கொடி வங்கியில் இருக்கிறது. வருகிற வழியிலே வட்டிக்குக் கொடுத்தவரின் வீடு. அவர் வாசலிலே நிற்பார்" என்றார். சற்றுப் பொறுத்து, தலை குனிந்தபடியே, "தாலி இல்லாமல் நற்கருணை வாங்குவது பாவமோ சுவாமி?" என்றும் கேட்டார்.

பாவம் அன்று என்று உடனே சொன்னோம். ஆயினும், மூன்று மாதம் ஒரு மனிதப் பிறவி இவ்வினாவை நெஞ்சிற் சுமந்துகொண்டு வீட்டுக்குள் ஒளிந்திருந்ததே என்பதை எண்ணியபோது எமக்கு நாணமாயிருந்தது. "உமது கடன் சீட்டுகளை எல்லாம் கொண்டு வாரும், இருந்து பார்ப்போம்" என்றோம். சாமான் வாங்கும் சீலைப்பை ஒன்றை அவர் எடுத்து வந்து பாயில் கொட்டினார். அடைவுச் சீட்டு ஒன்று, வாரத் தவணைப் புத்தகம் ஒன்று, கடைக்காரரின் கொப்பி, பிரிக்கப்படாத வங்கிக் கடிதம் ஒன்று. அவ்வளவுதான். கடலுக்குச் சென்றிருந்த கணவர் திரும்பும்வரை காத்திருந்தோம். இது ஒருவர் தனியே பார்க்கும் கணக்கு அன்று.

அந்த இல்லத்தில் நாம் கற்றதை, அவர்களது இசைவுடனும் அவர்களை எவரும் இனங்காணா வண்ணமும், இங்கே எழுதுகின்றோம். இதே பை எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் இருப்பதை நாம் அறிவோம்.

விலையும் வரியும் வட்டியும்

எமது மக்கள் கடன்பட்டது ஊதாரித்தனத்தால் மட்டுமே என்று சொல்வோர் உளர். அவர்கள் கடந்த சில ஆண்டுகளை மறந்துவிட்டனர் போலும். 2022 ஏப்ரல் மாதத்தில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் ஓராண்டு விலையேற்றம் 69.8 வீதம், உணவுப் பொருள்களில் மட்டும் 94.9 வீதம். அதாவது, முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று.

கடற்றொழிலாளருக்கு விழுந்த அடி இன்னும் பெரிது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. அன்றுவரை பிடித்த மீனின் ஒரு பங்கைத் தின்ற எண்ணெய், அன்று முதல் பெரும் பங்கைத் தின்னத் தொடங்கியது. மின்கட்டணமும் அதே மாதத்தில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பிற்பாடு சில தடவை குறைக்கப்பட்டாலும், இடைக்காலத்தில் ஏறிய கடன் குறையவில்லை.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பணவீக்கம் பத்து வீதத்துக்குக் கீழ் இறங்கியது என்ற செய்தி வந்தபோது, "விலை குறைந்துவிட்டதாம் சுவாமி, எங்கள் கடையில் மட்டும் ஏன் குறையவில்லை?" என்று பலர் எம்மிடம் வினவினர். பணவீக்கம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. 100 ரூபாப் பொருள் 170 ரூபாவாகி, அடுத்த ஆண்டில் 180 ரூபாவானால், ஏற்றத்தின் வேகம் குறைந்தது என்பரேயன்றி, அப்பொருள் மீண்டும் 100 ரூபாவுக்குக் கிடைக்கும் என்பது பொருளன்று. எனவே, "பழைய விலை திரும்பி வரட்டும், அப்போது கடனைத் தீர்ப்போம்" என்று காத்திருப்போர், வராத வள்ளத்துக்குக் கரையில் நிற்போர் ஆவர்.

விலையின் மேல் வரியும் ஏறியது. பெறுமதிசேர் வரி 2022 ஜூன் மாதத்தில் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் 18 வீதமாகவும் உயர்த்தப்பட்டது. அதுவரை விலக்கு அளிக்கப்பட்டிருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு முதலிய பலவும் அந்நாள் முதல் இவ்வரிக்குள் வந்தன. பதப்படுத்தாத விளைபொருள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு என்பது உண்மையே. ஆயினும், ஊர்க்கடைக்காரர் இவ்வரிக்குப் பதிவு செய்யாத சிறு வியாபாரியாக இருந்தாலும், அவருக்குச் சவர்க்காரமும் பிஸ்கற்றும் விற்கும் நிறுவனம் வரியைச் சேர்த்தே விற்கின்றது. சீட்டில் எழுதப்படாத வரியையும் ஏழை செலுத்துகின்றான். உழைப்பதில் பாதியைச் சேமிக்க வல்லவன் செலவிடும் பாதிக்கே வரி செலுத்த, உழைப்பது முழுவதையும் உண்டு தீர்க்க வேண்டியவன் தன் ஊதியம் ஏறக்குறைய முழுவதன் மீதும் அதன் பாரத்தைச் சுமக்கின்றான். மாதச் சம்பளக்காரர்களும் தப்பவில்லை. 2023 ஜனவரி முதல் மாதம் 1,00,000 ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 முதல் 36 வீதம் வரை வரி அறவிடப்பட்டது. 2025 ஏப்ரலிலேயே அவ்வெல்லை 1,50,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

மூன்றாவது பாரம் வட்டி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிக் கடனும் அடைவு வட்டியும் அதனைப் பின்பற்றி ஏறின. 2023 ஜூனில் மத்திய வங்கி இறக்கத் தொடங்கியது. ஆனால், ஏறிய காலத்தில் எழுதிய கடன் தானாக இறங்குவதில்லை. வங்கி வாசலுக்குச் சென்று கேட்பவர்க்கே அவ்விறக்கம் கிட்டும்.

ஐந்து கடன்கள்

கணவர் வந்ததும், உயர்தர வகுப்பிற் படிக்கும் மகனிடம் ஒரு புதிய அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னோம். "மொத்தம் எவ்வளவு இருக்கும்?" என்று முதலில் கேட்டோம். "நான்கு இலட்சத்துக்கு மேல் வராது சுவாமி" என்றார் கணவர். மனைவியும் அப்படியே நினைத்திருந்தார்.

முதலாவது, வங்கியில் தாலிக்கொடியின் மேல் 3,00,000 ரூபா. 2023 மார்ச்சில் ஆண்டுக்கு 24 வீத வட்டிக்குப் பெற்றது; நூற்றுக்கு மாதம் 2 ரூபா. இரண்டாவது, வாரத் தவணைக் கடன். 50,000 ரூபா பெற்று, 52 வாரங்களில் வாரம் 1,154 ரூபாவாக 60,000 செலுத்த வேண்டியது. இன்னும் 40,000 மீதி. மூன்றாவது, ஊரில் வட்டிக்கு வாங்கிய 1,00,000 ரூபா. நூற்றுக்கு மாதம் 5 ரூபா. நான்காவது, கடைக் கொப்பியில் 35,000 ரூபா, வட்டி இல்லை.

"இவ்வளவுதான்" என்றனர். "வலை புதிதாக இருக்கின்றதே, தம்பி, அதற்குக் காசு எங்கே?" என்று கேட்டோம். "அது கடன் அல்லச் சுவாமி. மீன் வாங்கும் முதலாளி முற்பணமாக 1,50,000 தந்தார். வட்டி கேட்பதில்லை, நல்ல மனிதர். மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். மகன் அதையும் எழுதினான். கூட்டிப் பார்த்தபோது 6,25,000 ரூபா வந்தது. வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

பின்பு ஒவ்வொரு கடனும் மாதந்தோறும் என்ன தின்கின்றது என்று கணக்கிட்டோம். ஊர்வட்டிக்கு மாதம் 5,000 ரூபா. மண்ணெண்ணெய் ஏறிய நாள் முதல் பதினெட்டு மாதம் செலுத்தியிருந்தனர். 90,000 ரூபா கொடுத்தும் பட்ட 1,00,000 அப்படியே நின்றது. வாரத் தவணைக் கடனை "நூற்றுக்கு 20 வட்டி" என்று சொல்லிக் கொடுத்திருந்தனர். ஆனால், வாரந்தோறும் முதலும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக அவர் கையில் இருப்பது 25,000 ரூபாவே. அந்த 25,000 ரூபாவுக்கே 10,000 வட்டி. எனவே உண்மையான வட்டி, சொல்லப்பட்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

இறுதியாக, வட்டியே இல்லாத அந்த முற்பணம். "கரையில் மற்றவர் கொடுக்கும் விலைக்கும் முதலாளி தரும் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டோம். கிலோவுக்கு 100 ரூபா வரை குறைவு என்றார். நாளுக்கு 8 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில். பையன் பெருக்கி எழுதிய தொகை 16,000 ரூபா. ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் 16,000. நூற்றுக்குப் பத்து ரூபாவுக்கும் மேல். ஊர்வட்டியைப் போல் இரு மடங்கு. வட்டியில்லாக் கடன் என்று எண்ணியதே அவ்வீட்டின் மிகப் பெரிய வட்டி.

முதலாளி ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. வங்கி ஏறெடுத்தும் பாராத தொழிலாளிக்கு, வலை அறுந்த நாளிற் கைகொடுத்தவர் அவரே. ஆயினும், பணத்தால் செலுத்தாத வட்டியையும் வட்டி என்றே எண்ணுதல் வேண்டும்.

எதை முதலில் தீர்ப்பது?

அத்தாயின் உள்ளம் முழுவதும் தாலிக்கொடியிலேயே இருந்தது. எங்கேனும் காசு கிடைத்தால் முதலில் அதையே மீட்க வேண்டும் என்பது அவரது எண்ணம். கணக்கோ நேர்மாறாகச் சொல்லிற்று. வட்டி எடுக்கும் நான்கு கடன்களில் வங்கிக் கடனே மிக மலிந்தது. நாணத்தில் அது முதலாவது. செலவில் அது கடைசி.

பிரிக்கப்படாத கடிதத்தைப் பிரித்தோம். அடைவின் தவணை முடிகின்றது, வட்டி நிலுவை 18,000 ரூபாவைச் செலுத்திப் புதுப்பிக்காவிடில் நகை ஏலத்துக்குச் செல்லும் என்று கண்டிருந்தது. அடுத்த நாளே வீட்டிலிருந்த கிடாய் ஆடு ஒன்று விலை போயிற்று. மூவரும் வங்கிக்குச் சென்றனர். புதுப்பிக்கும் வட்டி 15 வீதமாக இறங்கியிருந்தது. மேலும், கொடியின் முழுப் பெறுமதிக்கும் முன்பு கடன் வாங்கவில்லையாதலால், இன்னும் 1,00,000 ரூபா அதன்மேற் பெற இடமிருந்தது.

அந்த ஒரு இலட்சத்தைப் பெற்று ஊர்வட்டிக் கடனை அடைத்தால், 3,00,000 ரூபாவுக்கும் 1,00,000 ரூபாவுக்குமாக முன்பு மாதம் 11,000 சென்ற வட்டி, 4,00,000 ரூபாவுக்கு 5,000 ஆகக் குறையும். ஆனால் தாலிக்கொடி வீடு திரும்பும் நாள் இன்னும் பின்தள்ளப்படும். இதை நாம் எடுத்துரைத்தோமேயன்றி, செய்யும் என்று வற்புறுத்தவில்லை. கழுத்து அவருடையது. ஓர் இரவு முழுவதும் யோசித்த பின், "இருக்கட்டும் சுவாமி. நகை வங்கிப் பெட்டியிலே பத்திரமாக இருக்கும். மனுஷர் முகத்திலே விழிக்க முடியாமல் இருப்பதுதான் பெரிது" என்று அவரே சொன்னார். அன்று மாலை ஊர்வட்டிக் கடன் முழுவதும் தீர்ந்தது. கையொப்பமிட்ட சீட்டைத் திரும்பப் பெற்று வந்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே சென்று, 2025இல் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அடைவிலிருக்கும் அதே நகைக்கு மேலும் காசு தருகின்றோம் என்ற அழைப்பு பல இல்லங்களுக்கு வருகின்றது. அதிக வட்டிக் கடனை அடைப்பதற்கு அதைப் பெறுவது ஒன்று. புதிய தொலைபேசிக்கும் விழாச் செலவுக்கும் பெறுவது வேறொன்று. முன்னது கடனை இடம் மாற்றிக் குறைக்கின்றது. பின்னது நகையை நிரந்தரமாக வங்கிக்கே எழுதி வைக்கின்றது.

அடுத்து, முதலாளியின் முற்பணம். ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அக்குடும்பத்தவர் பழைய அங்கத்தவர். இரு பிணையாளிகள் முன்வந்தால், ஆண்டுக்கு 12 வீத வட்டியில், 24 மாதத் தவணையில் 1,50,000 ரூபா பெறலாம் என்றனர் சங்கத்தினர். பிணை நிற்க யார் வருவர் என்று அவர்கள் அஞ்சினர். அயலவர் இருவர் கேட்டவுடனே வந்தனர். மூன்று மாதமாக எவருக்குத் தம் நிலை தெரியக்கூடாதென்று ஒளிந்திருந்தாரோ, அவர்களுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. முற்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மறுநாள் முதல் மீன் சங்கத்தின் கூறல் மூலம் விலைபோயிற்று. முதல் மாதத் தவணையும் வட்டியும் 7,750 ரூபா. மீன் விலையில் மீண்டதோ 16,000.

இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911இல் இயற்றப்பட்டது. வட்டிப் பிடியிற் சிக்கிய கமக்காரரை மீட்பதே அதன் நோக்கம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக எம் வாசலில் நிற்கும் இவ்வமைப்பை நாம் கூட்டம் வைப்பதற்கும் மாலை போடுவதற்கும் மட்டுமே நினைக்கின்றோம்.

நகை அடைவு வைப்பதை இழிவென எண்ணுவோருக்கும் ஒன்று சொல்வோம். 1462இல் இத்தாலி நாட்டுப் பெரூஜியா நகரில், கொடிய வட்டியிலிருந்து ஏழைகளைக் காக்கவே பிரான்சிஸ்குச் சபைத் துறவிகள் குறைந்த வட்டியில் அடைவுக் கடன் கொடுக்கும் நிலையத்தை ஏற்படுத்தினர். அந்நிலையங்கள் தம் செலவுக்கென அறவிடும் சிறு வட்டி முறையானதே என்று 1515இல், பத்தாம் சிங்கராயர் பாப்பரசரின் காலத்தில், ஐந்தாம் லாத்தரன் பொதுச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அடைவுச் சீட்டு அவமானச் சீட்டு அன்று. அதைப் பிரித்துப் பாராமல் பையில் மறைப்பதே ஆபத்து.

எமது பிழை

ஊர்வட்டிக்கு வாங்கிய அந்த ஒரு இலட்சம் எங்கே சென்றது என்று பையன் வரிசையாக எழுதியபோது, எண்ணெய், இயந்திரத் திருத்தம், பள்ளிச் செலவு என்பவற்றோடு ஒரு வரி வந்தது: "கோயிற் பெருநாள் 5,000." நாம் நிமிர்ந்து பார்த்தோம். அவ்வாண்டு பெருநாளுக்கு வீட்டுக்கு 5,000 ரூபா என்று பங்குச் சபை தீர்மானித்ததும், கொடுத்தோர் பெயர்களை நாமே பீடத்தில் நின்று வாசித்ததும் நினைவுக்கு வந்தன. பெயர் விடுபட்டுப் போகுமே என்ற அச்சத்தினால், நூற்றுக்கு ஐந்து வட்டியில் வாங்கிய பணத்தை இறைவனுக்கென்று கொடுத்திருந்தார்கள். பதினெட்டு மாதத்தில் அந்த 5,000 ரூபாவுக்கு மாத்திரம் 4,500 ரூபா வட்டி சென்றுவிட்டது.

நெகேமியா ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நாம் குருமடத்தில் படித்ததுண்டு. பஞ்ச காலத்தில் தானியத்துக்காக வயல்களையும் வீடுகளையும் ஈடு வைத்தோர், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கியோர், பிள்ளைகளை அடிமைகளாகக் கையளித்தோர் எல்லாரும் ஆளுநரான நெகேமியாவிடம் முறையிடுகின்றனர். விலை, வரி, கடன் மூன்றும் அங்கேயும் ஒன்றாகவே நிற்கின்றன. தலைவர்களைக் கடிந்துகொண்ட நெகேமியா, தாமும் தம்மவரும் கடன் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. ஈடுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஆளுநருக்குரிய உணவுப் படியையும் வாங்காது விட்டார். அவ்வதிகாரத்தை அன்றிரவு மீண்டும் வாசித்தோம். அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் தொகை குறிக்கும் வழக்கத்தையும் பெயர் வாசிக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். பெயரில்லா உறையில் இயன்றதை இடுவதே இப்போது எம் பங்கின் முறை. மேளமும் மின்விளக்கும் குறைந்தன. பெருநாளுக்குக் குறைவு வந்ததாக நாம் காணவில்லை.

இல்லங்கள் செய்யத்தக்கவை

குடும்பத் தலைவர்களே, தலைவிகளே, இவ்வில்லத்தில் நாம் கற்றவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து எழுதுங்கள். வட்டியில்லாக் கடன், கைமாற்று, கடைக் கொப்பி, முற்பணம் ஒன்றையும் விடாதீர்கள். தொகையை அறிந்தபின் பயம் கூடும். ஆயினும், அறியாத கடனை எவரும் தீர்த்ததில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு கடனுக்கும் "நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபா" என்று ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள். மிக அதிகமாகத் தின்பதை முதலில் அடையுங்கள். ஏனையவற்றுக்குத் தவணை தவறாதிருக்கச் செலுத்துங்கள். அடைவு நகையை ஏலத்துக்கு விடாதீர்கள். ஒன்று தீர்ந்ததும், அதற்குச் சென்ற பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்புங்கள்.

மூன்றாவது, கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும்? முன்கூட்டியே தீர்த்தால் வட்டி குறையுமா? நான் தவறினால் யாரிடம் அறவிடுவீர்கள்? வடக்கிலும் கிழக்கிலும், போர் 2009இல் முடிந்தபின், வீட்டுக்கு வந்து கொடுத்த சிறு கடன்களால் எத்தனையோ பெண்கள் ஒரு கடனை அடைக்க மறுகடன் வாங்கும் நிலைக்கு ஆளாயினர். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட இத்தகைய கடன்கள் சிலவற்றை 2018இல் அரசே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. வாரக் கடன் முடியும் வேளையில், "இன்னும் பெரிய தொகை தருகின்றோம்" என்று வருவார்கள். எமது தாயிடமும் வந்தார்கள். "வேண்டாம்" என்ற சொல் அவருக்கு அன்று 60,000 ரூபா பெறுமதியானது.

நான்காவது, கடன் இருக்கும்போதும் சிறிது சேமியுங்கள். கடனுள்ளவனுக்குச் சேமிப்பு எதற்கு என்று கேட்பர். கையில் ஒன்றும் இல்லாதவனை முதற் காய்ச்சலே மீண்டும் வட்டிக்காரரின் வாசலுக்கு இழுத்துச் செல்லும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, பல நாள் கடலுக்குப் போக இயலாதிருந்தபோது, அக்குடும்பம் சங்கத்திற் சேர்த்திருந்த 25,000 ரூபாவைக் கொண்டே சமாளித்தது. புதிதாக ஒரு சதமும் கடன்படவில்லை.

ஐந்தாவது, விழாக்கள். முதல் நன்மைக்கு வெள்ளை உடையும் தூய உள்ளமும் போதும். மண்டபமும் படப்பிடிப்பும் திருவருட்சாதனத்தின் பகுதிகள் அல்ல. சாமத்தியச் சடங்குக்கும் அடுத்த வீட்டாரை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அவர்களது பையில் எத்தனை சீட்டுகள் இருக்கின்றனவோ, யாரறிவார்?

இவையெல்லாம் ஓரளவு வருமானம் உள்ளோர்க்கு உதவும். உணவுக்கே போதாத இல்லத்துக்குக் கணக்கு மட்டும் சோறு போடாது என்பதை நாம் அறிவோம். அத்தகையோர் கடன் கொடுத்தவரிடம் தாமே சென்று, தவணையை நீட்டித் தருமாறு கேட்க வேண்டும். தனியே செல்லத் தயங்கினால் எம்மை அழையுங்கள். பங்கின் ஏழைகள் நிதி இருப்பது அதற்காகவே. கடனுக்காக உயிரை மாய்த்துக்கொண்டோரின் இல்லங்களில் நாம் நின்றிருக்கின்றோம். எந்தக் கடனும் ஓர் உயிரின் விலையன்று. இருட்டில் தனியே இருக்க வேண்டாம். எந்த நேரமாயினும் வந்து கதவைத் தட்டுங்கள்.

மூன்றாம் வாங்கில்

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லி முடிப்போம். வாரக் கடன் எட்டு மாதத்தில் முடிந்தது. கடைக் கொப்பி தீர்ந்து, கடைக்காரர் கடைசிப் பக்கத்தைக் குறுக்காகக் கோடிட்டுக் கொடுத்தார். சங்கக் கடன், மாரிக்காலத்திற் சில தவணைகள் பிந்தியபோதிலும், முடியும் தறுவாயில் உள்ளது. வங்கியிலுள்ள 4,00,000 ரூபாவில் இதுவரை 1,80,000 கட்டியாயிற்று. விலைகள் இறங்கவில்லை, வரியும் இறங்கவில்லை. இறங்கியது அவர்களது கடன் மட்டுமே.

தாலிக்கொடி இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஆயினும் 2024 குருத்தோலை ஞாயிறு முதல் அவர் திருப்பலிக்குத் தவறவில்லை. இடப்புறம் மூன்றாம் வாங்கில், கழுத்தில் ஒரு மஞ்சட் கயிற்றில் சிறு சிலுவையோடு, சேலைத் தலைப்பால் எதையும் மூடாமல் அமர்ந்திருக்கின்றார். சென்ற மாதம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, இளம் மனைவி ஒருத்தியை அவர் எம்மிடம் அழைத்து வந்தார். அப்பெண்ணின் கையில் ஒரு சீலைப்பை இருந்தது.

"சுவாமி, இவவுக்கும் ஒரு கொப்பி போட வேண்டும்" என்றார். "நீரே போட்டுக் கொடும் பிள்ளை, எம்மைவிட உமக்கு நன்றாகத் தெரியும்" என்றோம். இருவரும் மாதா கெபியருகே நிழலில் அமர்ந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கத் தொடங்கினர்.